காற்றைப் பற்றிப் பேச ஒரு கூடம்

நார்வே நாட்டின் பொது நூலகச் சட்டம் 2014 முதல் நூலகங்களுக்கு ஒரு புதிய கடமையைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. புத்தகம் இரவல் கொடுப்பதோடு நூலகத்தின் வேலை முடிந்துவிடாது. யாருடைய பிடிக்கும் உட்படாமல் மக்கள் சந்தித்து, பொது விஷயங்களைப் பேசி விவாதிக்கும் இடமாகவும் அது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே அந்த நாட்டில் நூலகக் கூட்டம் என்பது நூலகரின் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததல்ல. சட்டம் சொல்லும் வேலை. ஃபின்லாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் குடிமக்களின் பங்கேற்பு, ஜனநாயகம், கருத்துச் சுதந்திரம் ஆகியவற்றை வளர்ப்பதை நூலகத்தின் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. 2018 டிசம்பரில் ஹெல்சிங்கி நகரில் திறக்கப்பட்ட ‘ஓடி’ மத்திய நூலகம் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரிலேயே நிற்கிறது. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து படித்து வளர்ந்த நமக்கு, பேச்சையே கடமையாகக் கொண்ட நூலகம் வியப்பாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட கூடங்களின் மாலைப் பேச்சுகளில் இரண்டு தலைப்புகள் அடிக்கடி பக்கத்துப் பக்கத்தில் வந்து அமர்கின்றன. ஒன்று பருவநிலை மாற்றம், மற்றொன்று ஜனநாயகத்தின் இன்றைய நிலை. முதலாவது இயற்பியல், இரண்டாவது அரசியல். இரண்டுக்கும் ஒரே கூடம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். எனக்கு அவை ஒரே கேள்வியின் இரு முனைகளாகத்தான் படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவைப் பற்றி, அதை ஒருபோதும் அளந்திராத கோடிக்கணக்கானோர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது? இந்தக் கேள்வியின் இரண்டு முனைகளையும் ஒரு காலத்தில் ஒரே பெண் கையில் பிடித்திருந்தார்.

1848 ஜூலை 19, 20 தேதிகளில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில் பெண்ணுரிமை மாநாடு ஒன்று கூடியது. சொத்து, கல்வி, தொழில், வாக்கு என்று பெண்களுக்கு மறுக்கப்பட்டவற்றை அடுக்கிச் சொன்ன அதன் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். பெண்களின் பட்டியலில் ஐந்தாவது பெயர் யூனிஸ் நியூட்டன் ஃபூட். அப்போது அவருக்கு வயது 29. மாநாட்டின் நடவடிக்கைகளை அச்சுக்குத் தயார்செய்த குழுவிலும் அவர் இருந்தார். அவருடைய கணவர் எலைஷா ஃபூட்டும் ஆண்களின் பட்டியலில் கையெழுத்திட்டவர்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஃபூட் இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றும் நான்கு அங்குல விட்டம், முப்பது அங்குல நீளம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெப்பமானிகள். ஒரு காற்றுப்பம்பு. ஒரு குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து மற்றொன்றில் அடைத்து, இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். காற்று அடர்ந்திருந்த குழாய் அதிகம் சூடானது. பிறகு ஒன்றில் உலர்ந்த காற்று, மற்றொன்றில் ஈரக்காற்று. ஈரக்காற்று அதிகம் சூடானது. கடைசியாக வெவ்வேறு வாயுக்களை நிரப்பினார். சாதாரணக் காற்று இருந்த குழாய் 106 ஃபாரன்ஹீட் காட்டியபோது, கரியமில வாயு இருந்த குழாய் 125 காட்டியது. நம் கணக்கில் ஏறத்தாழ 41 டிகிரிக்கும் 52 டிகிரிக்கும் உள்ள வித்தியாசம். வெயிலிலிருந்து நகர்த்திய பிறகும் அந்தக் குழாய் எளிதில் ஆறவில்லை. பல மடங்கு நேரம் பிடித்தது.

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தால் அது வாயுக்களைப் பற்றிய ஒரு சிறு குறிப்பாகப் போயிருக்கும். அவர் நிறுத்தவில்லை. பூமியின் வரலாற்றில் ஏதோ ஒரு காலத்தில் காற்றில் இந்த வாயு இன்றைவிட அதிகமாக இருந்திருந்தால், அக்காலத்தில் பூமியும் இன்றைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கும் என்று எழுதினார். ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த கண் அடுத்த வரியில் முழு பூமியையும் பார்க்கிறது. காற்றில் கரியமில வாயுவின் அளவையும் பூமியின் வெப்பத்தையும் இணைத்து அச்சேறிய முதல் கருத்து இதுதான் என்று இன்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

அந்தக் கட்டுரை 1856 ஆகஸ்ட் 23 அன்று ஆல்பனி நகரில் நடந்த அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஃபூட் அல்ல. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்த ஜோசப் ஹென்றி. அறிவியலுக்கு நாடு இல்லை, பால் இல்லை என்ற பொருளில் அவர் முன்னுரை சொல்லித்தான் வாசித்தார். ஆனால் கூட்டத்தின் நடவடிக்கைத் தொகுதியில் அந்தக் கட்டுரை இடம்பெறவில்லை. நவம்பர் மாதம் வேறொரு ஆய்விதழில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிய கட்டுரையாக வெளிவந்து, மெல்ல மறக்கப்பட்டது. ஃபூட் 1888இல் காலமானார். 2011இல் ஓய்வுபெற்ற எண்ணெய் நிலவியலாளரான ரேமண்ட் சோரன்சன், ஆண்டுதோறும் வெளிவந்த ஒரு பழைய அறிவியல் தொகுப்பின் 1857ஆம் ஆண்டு நூலில் அவருடைய ஆய்வைப் பற்றிய குறிப்பைக் கண்டு எழுதிய பிறகே உலகம் அவரைத் தேடத் தொடங்கியது. ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்தக் கண்டுபிடிப்பைக் காப்பாற்றியது ஏதோ ஒரு அலமாரியில் இருந்த பழைய புத்தகம்தான்.

ஃபூட்டின் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. அவர் பார்த்தது நேரடி வெயிலில் வாயு சூடாவதை. பூமி சூடாக இருப்பதற்குக் காரணமோ மேலிருந்து வரும் வெயிலை வாயு பிடித்துக்கொள்வது அல்ல; வெயிலால் சூடான தரை மேல்நோக்கி வெளிவிடும் வெப்பக் கதிரைப் பிடித்துக்கொள்வது. கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. ஆகவே கண்ணாடிக் குழாயில் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அதற்கு வேறு கருவி வேண்டியிருந்தது.

அந்தக் கருவியைக் கட்டியவர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் ஜான் டின்டல். நீண்ட குழாயின் இரண்டு முனைகளையும் கண்ணாடிக்குப் பதிலாகப் பாறை உப்பின் தகடுகளால் மூடினார். பாறை உப்பு வெப்பக் கதிரைத் தடுக்காது. ஒரு முனைக்கு வெளியே கொதிநீர் நிரம்பிய உலோகப் பெட்டி. மறு முனையில் மிகச் சிறிய வெப்ப வேறுபாட்டையும் மின்னோட்டமாக மாற்றிக் காட்டும் கருவி. 1859இல் தொடங்கிய சோதனைகளில் அவர் கண்டது அவருக்கே வியப்பாக இருந்தது. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெப்பக் கதிரை ஏறக்குறைய அப்படியே போக விட்டன. காற்றில் சொற்பமாக இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும் அதை மறித்தன.

டின்டல் இதை ஆய்வுக்கூடத்தில் பூட்டி வைக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அதே ஆண்டு ஜூன் 10 அன்று, விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் தலைமை வகித்த வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவில், சோதனையை அவையோர் கண்முன்னே விளக்கினார். அறிவியலாளர் ஃபாரடே 1825இல் அங்கே தொடங்கி வைத்த அந்த மாலைச் சொற்பொழிவுகளுக்கு அறிவியல் படிக்காத ஆண்களும் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பருவநிலை அறிவியல் பிறந்த இரண்டு இடங்களுமே, ஆல்பனியும் லண்டனும், பேச்சு மேடைகள். ஆனால் அந்த லண்டன் அவையில் இருந்த பெண்களில் ஒருவருக்கும் வாக்கு கிடையாது. நாட்டின் பெரும்பாலான ஆண்களுக்கும்கூடக் கிடையாது. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமை நாடு முழுவதற்கும் 1920இல்தான் வந்தது. செனெகா ஃபால்ஸில் கையெழுத்திட்ட 68 பெண்களில் அந்த நாள்வரை உயிரோடிருந்தவர் சார்லட் உட்வர்ட் ஒருவர் மட்டுமே என்று சொல்லப்படுகிறது.

சரி, இவ்வளவு குறைவாக இருக்கும் வாயு எப்படி இவ்வளவு செய்கிறது? நைட்ரஜன் மூலக்கூறில் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். ஆக்சிஜனிலும் அப்படியே. இரண்டு பக்கமும் சமம் என்பதால் அவை அதிரும்போது மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. வெப்பக் கதிருக்குப் பற்றிக்கொள்ள அங்கே பிடி இல்லை. கரியமில வாயுவில் நடுவே ஒரு கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன். இந்த மூன்றும் நேர்கோட்டில் நின்றாலும், நடு அணு மேலும் கீழுமாக வளைந்து அதிரும்போது மின்னூட்டம் சாய்கிறது. ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்ற கணத்தில் தள்ளினால் சிறுகுழந்தையின் கை கூட அதை உயரே அனுப்பிவிடும். கணம் தவறினால் பெரியவர் தள்ளினாலும் பயனில்லை. கரியமில வாயு வளைந்து அதிரும் போக்குக்குப் பொருந்தும் கதிரின் அலைநீளம், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினைந்து பங்கு. பூமியின் தரை வெளிவிடும் கதிர்களில் கணிசமான பங்கு இந்த அலைநீளத்தைச் சுற்றியே விழுகிறது. தற்செயலான இந்தப் பொருத்தத்தில்தான் நம் உயிர் இருக்கிறது. பிடித்த வெப்பத்தை வாயு எல்லாத் திசைகளிலும் திருப்பி வீசுகிறது. ஒரு பங்கு மேலே போகிறது, ஒரு பங்கு தரைக்கே திரும்புகிறது. இப்படி மறிக்கும் வாயுக்கள் எதுவுமே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. இருப்பதால் ஏறத்தாழ 15 டிகிரி. கடல் உறையாமல் இருப்பதும், நெல் விளைவதும் இந்த 33 டிகிரி வித்தியாசத்தால்தான்.

இந்த வாயுவை நாம் எவ்வளவு கூட்டியிருக்கிறோம் என்பதைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் விழுக்காட்டில் சொல்லிக் குழப்புகிறார்கள். லட்சத்தில் எண்ணினால் எளிது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் ஒரு லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் 28 கரியமில வாயு. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 31. இன்று 42ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாவின் ஆழ்பனியில் சிறைப்பட்ட பழங்காலக் காற்றுக் குமிழிகளை அளந்து பார்த்ததில், தொழிற்புரட்சிக்கு முந்தைய எட்டு லட்சம் ஆண்டுகளில் அந்த எண் 30ஐத் தாண்டிப் போனதே இல்லை. நம் பாட்டன்களின் காலத்துக்குள் அது தாண்டியது; நம் காலத்தில் பாய்கிறது.

கீலிங்கின் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தால் 1964இன் முதல் பாதியில் ஒரு சிறு இடைவெளி தெரியும். வாயு கூடுவது நின்றுவிட்டதால் வந்த இடைவெளி அல்ல, பணம் நின்றதால் வந்தது. அரசு நிதி வெட்டப்பட்டு சில மாதங்கள் மௌனா லோவாவில் கருவியை இயக்க முடியாமல் போனது. ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் யாரோ அடித்த ஒரு கோடு, பூமியின் மூச்சைப் பதிவு செய்த கோட்டை அறுத்திருக்கிறது. அறிவியலும் அரசும் இரண்டு வீடுகள் என்று எண்ணுகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது அந்த இடைவெளியைத்தான்.

ஜனநாயகத்துக்குப் பருவநிலை ஏன் இவ்வளவு கடினமான பாடம் என்பதும் இங்கேதான் தொடங்குகிறது. பருவநிலை என்பது நேற்றைய வெயிலோ இன்றைய மழையோ அல்ல. வானிலையாளர்கள் முப்பது ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொண்டுதான் அதைப் பேசுகிறார்கள். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. இன்று புகைபோக்கியிலிருந்து போகும் கரியமில வாயுவில் ஒரு பெரும்பங்கு நூற்றாண்டுகள் கடந்தும் காற்றில் இருக்கும். அதன் சூட்டை அதிகம் அனுபவிக்கப் போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்கு எந்த வாக்குச்சாவடியிலும் பெயர் இல்லை. இன்று விலை உயர்த்தி நாளைக்கு நன்மை தரும் ஒரு முடிவை எடுக்கும் அமைச்சர், நன்மை வருவதற்கு முன்பே பதவியை இழக்கக்கூடும். இதைச் சிலர் ஜனநாயகத்தின் தோல்வியாகவே எடுத்துக்கொண்டு, வல்லுநர்களிடமோ வலிய கையிடமோ முடிவை விட்டுவிடலாம் என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏற்காததற்கு அயர்லாந்தில் நடந்த ஒரு சோதனை எனக்குத் துணை.

2016இல் அயர்லாந்து நாடாளுமன்றம் குடிமக்கள் அவை ஒன்றை அமைத்தது. தலைவராக உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாய். உறுப்பினர்கள் 99 பேர். அவர்கள் யாரும் போட்டியிடவில்லை, வாக்குக் கேட்கவில்லை. வயது, பால், வட்டாரம், சமூகநிலை ஆகியவற்றில் நாட்டின் கலவையை ஒத்திருக்கும்படி, வீடு வீடாகப் போய்த் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். டப்ளினுக்கு வடக்கே மாலஹைட் என்ற கடலோர ஊரில் ஒரு ஓட்டலில் வார இறுதிகளில் கூடினார்கள். கருக்கலைப்புச் சட்டம்தான் அவர்களின் முதல் வேலை. அவர்கள் தந்த பரிந்துரை 2018 பொதுவாக்கெடுப்பு வரை போனது. பருவநிலைக்கு 2017 செப்டம்பர் கடைசியிலும் நவம்பரிலும் இரண்டு வார இறுதிகள் ஒதுக்கப்பட்டன. பொதுமக்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன.

நடைமுறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. வல்லுநர் குறித்த நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். பிறகு உறுப்பினர்கள் சிறுசிறு வட்ட மேசைகளில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொரு மேசையிலும் பேச்சை நெறிப்படுத்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். குரல் உயர்ந்தவரே மேசையைக் கைப்பற்றிவிடாதபடி பார்ப்பது நெறியாளரின் வேலை. அதன் பிறகுதான் கேள்விகள் வல்லுநரிடம் திரும்பப் போகும். பேச்சுகள் இணையத்தில் நேரலையாகப் போயின. கடைசியில் ரகசிய வாக்குச்சீட்டு.

அயர்லாந்தில் பருவநிலையைப் பேசினால் முதலில் வந்து நிற்பது சேற்றுக்கரி. நாட்டின் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சதுப்பு. நீர் தேங்கி, ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் செத்த பாசி அழுகுவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் படிந்துகொண்டே வருகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அங்கே உறங்குகிறது. மக்கள் அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அரசு நிறுவனம் எந்திரம் கொண்டு சுரண்டி மின்சாரம் எடுத்தது. ஒரே அளவு வெப்பம் கிடைக்கச் சேற்றுக்கரி வெளியிடும் கரியமில வாயு நிலக்கரியைவிடவும் அதிகம். இருந்தும் அந்த மின்சாரத்துக்கு மக்களின் மின்கட்டணத்திலிருந்தே மானியம் போய்க்கொண்டிருந்தது. நாட்டின் நடுப்பகுதியில் பல ஊர்களுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான் என்பதால் எந்தக் கட்சிக்கும் அதைத் தொடத் துணிவில்லை.

அவையின் 97 சதவீதம் பேர் சேற்றுக்கரிக்கான மானியத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதே வாக்கியத்தில், மிச்சமாகும் பணத்தை அங்கே வேலை இழப்பவர்களின் உரிமைகளைக் காக்கச் செலவிட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இந்த இணைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். புள்ளிவிவரத்தில் தொழிலாளி ஒரு எண்; வட்ட மேசையில் அவர் பக்கத்தில் இருப்பவரின் அண்ணனாகவோ மாமனாகவோ இருக்கக்கூடும். 80 சதவீதம் பேர், கார்பன் அதிகம் வெளியிடும் செயல்களுக்குத் தாங்களே கூடுதல் வரி கட்டத் தயார் என்று வாக்களித்தார்கள். மனிதரைவிட மாடுகளின் எண்ணிக்கை அதிகமான அந்த நாட்டில், மொத்த வெளியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் காரணமான வேளாண்மைக்கும் வரி வேண்டும் என்று 89 சதவீதம் பேர் சொன்னார்கள். மொத்தம் 13 பரிந்துரைகள். எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் எழுதத் தயங்கும் வரிகள் அவை. கடைக்காரர், தாதி, ஓட்டுநர் போன்றவர்கள் இரண்டு வார இறுதிகளில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

எல்லாம் நிறைவேறிவிடவில்லை. வேளாண்மை வரியை அரசு கையிலெடுக்கவே இல்லை. ஆனால் அவையின் அறிக்கையை ஆராய நாடாளுமன்றம் எல்லாக் கட்சிகளும் அடங்கிய குழு ஒன்றை அமைத்தது. 2019 மே மாதம் பருவநிலை அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2030க்குள் வெளியீட்டை 2018 அளவிலிருந்து 51 சதவீதம் குறைக்க வேண்டும், 2050க்குள் வெளியிடுவதும் உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் சேற்றுக்கரி வெட்டுவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டதாக அரசு நிறுவனம் அறிவித்தது. அதன் சதுப்புகள் பலவற்றில் இப்போது வடிகால்களை அடைத்து மறுபடியும் நீர் தேக்குகிறார்கள். நீதிமன்ற வழக்குகளுக்கும் ஐரோப்பிய விதிகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. குடிமக்கள் அவை மட்டுமே செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அரசியல்வாதிகள் ‘மக்கள் ஒப்ப மாட்டார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்த காரணத்தை அது எடுத்துப் போட்டுவிட்டது.

குறையையும் சொல்ல வேண்டும். 2018 தொடக்கத்தில், மாற்று உறுப்பினர்களாகச் சேர்க்கப்பட்ட ஏழு பேர் வீடு வீடாகப் போய்த் தேர்ந்தெடுக்கப்படாமல் தெரிந்தவர் மூலம் எடுக்கப்பட்டது வெளிவந்து, அவர்கள் நீக்கப்பட்டார்கள். பருவநிலைக் கூட்டங்கள் அதற்கு முன்பே முடிந்திருந்தன. பிரான்சில் நிலைமை இன்னும் கசப்பானது. 2019 அக்டோபர் முதல் 2020 ஜூன் வரை 150 குடிமக்கள் கூடி 149 முன்மொழிவுகள் தந்தார்கள். வடிகட்டாமல் முன்னெடுப்பதாகச் சொல்லியிருந்த அதிபர் மக்ரோன் மூன்றை உடனே ஒதுக்கினார். பல, சட்டமாகும் வழியில் நீர்த்துப் போயின. 2021இல் அதே குடிமக்கள் மறுபடி கூடி, தங்கள் முன்மொழிவுகளை அரசு கையாண்ட விதத்துக்குப் பத்துக்குச் சராசரியாக 3.3 மதிப்பெண் போட்டார்கள். கேட்டுவிட்டுக் கேளாததுபோல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட அதிகம் காயப்படுத்தும்.

தேர்தலில் நிற்காமல் எழுமாற்றாக வந்தவர் ஏன் துணிச்சலாகப் பேசுகிறார்? அடுத்த தேர்தல் அவருக்கு இல்லை என்பது ஒரு காரணம். காப்பாற்ற வேண்டிய மேடைப் பேச்சு எதுவும் இல்லாததால் மனம் மாறுவது அவருக்கு மானக்கேடு அல்ல என்பது இன்னொரு காரணம். பழைய ஏதென்ஸ் தன் ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டுப் போட்டே நிரப்பியது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில் குடவோலை முறையை விதிவிதியாகச் செதுக்கி வைத்திருக்கின்றன: ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட வேண்டும், விவரம் அறியாச் சிறுவன் எடுக்க வேண்டும், வயது 35க்கும் 70க்கும் இடையில் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக் கூடாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான குடம் அது. ஊரின் பெரும்பாலோர் பெயர் அதற்குள் விழவே முடியாது. ஆகவே அதை முழு ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பதவிக்கு வந்தவன் கணக்குக் காட்ட வேண்டும், ஒரே ஆள் திரும்பத் திரும்ப உட்காரக் கூடாது என்ற இரண்டு விதிகளும் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஊரில் கல்லில் இருந்தன.

நமக்கு இன்று குடம் தேவையில்லை, எல்லோரும் உட்காரக்கூடிய கூடம் வேண்டும். அது ஏற்கெனவே இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, கணக்குப் பேராசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது அதனால்தான். இன்றைக்கு ரூபாய்க்குப் பத்துப் பைசா. வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் ஊர் நூலகத்தின் சுவரில் ஒரு செங்கல்லாவது வைத்தவர். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ‘பொன்மாலைப் பொழுது’ என்ற பெயரில் பேச்சுகள் நடந்து வருகின்றன. பல ஊர் நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. சிறந்த பேச்சாளர்கள் வருகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் மாலஹைடில் நடந்ததோடு ஒப்பிட்டால் ஒன்று குறைகிறது: பேச்சு முடிந்ததும் பொன்னாடை, நன்றியுரை, தேநீர். கேட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரமே கொடுக்கப்படுவதில்லை. கேள்வி நேரத்திலும் முன்வரிசையில் இருக்கும் இரண்டு பேர் ஒலிவாங்கியை விடுவதில்லை. பின்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் பெண் கேட்க நினைத்ததைக் கேட்காமலே எழுந்து போகிறார்.

அயர்லாந்து அவைக்கு இல்லாத ஒரு வாய்ப்பு தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு இருக்கிறது. அந்த அவை பரிந்துரை மட்டுமே செய்ய முடியும். நம் கிராம சபை சட்டப்படி அமைந்தது. ஊராட்சியின் வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். மாநில அரசு 2022இல் பருவநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியரிடம் அதன் பொறுப்பைத் தந்திருக்கிறது. ஆக மேலே ஓர் அமைப்பு இருக்கிறது, கீழே ஒரு சபை இருக்கிறது. நடுவில், வெறும் வருகைக் கையெழுத்தோடு சபை கலைந்துவிடாமல் இருக்க, ஊர் மக்கள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு வரும் ஓர் இடம் வேண்டும்.

ஊர்ப்புற நூலகம் அந்த இடமாகலாம். கிராம சபைக்கு ஒரு வாரம் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாண் அலுவலரோ கல்லூரி ஆசிரியரோ இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். லட்சத்துக்கு 28 எப்படி 42 ஆனது என்பதில் தொடங்கலாம். பிறகு எட்டு எட்டுப் பேராகத் தரையில் வட்டமாக உட்கார்ந்து அரை மணி நேரம். ஒவ்வொரு வட்டத்திலும் முதலில் பேசுகிறவர் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசாதவராக இருக்கட்டும். கடலோர ஊரானால் கிணற்றில் உப்பு ஏறிய ஆண்டு எது, எந்தத் தெருவில் தொடங்கியது என்று பாட்டிமாரைக் கேட்டு எழுதலாம். டெல்டா ஊரானால் கடந்த முப்பது ஆண்டில் நாற்று விட்ட தேதிகளை வயதானவர்கள் நினைவிலிருந்து வரிசைப்படுத்தலாம். பருவநிலைக்கு முப்பது ஆண்டுதான் கணக்கு. ஏரிக்கரை ஊரானால் மதகு, வரத்துக்கால், ஆக்கிரமிப்பு மூன்றையும் ஒரு தாளில் வரைந்து பார்க்கலாம். வட்டத்துக்கு ஒரு கேள்வியும் ஒரு கோரிக்கையும் வந்தால் போதும். அவற்றை நூலகர் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். மார்ச் 22 அன்று அந்தத் தாள் கிராம சபைக்குப் போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். அடுத்த கூட்டம் மே 1. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அன்று கணக்குக் கேட்க நாற்பது நாள் இருக்கிறது.